இருண்ட திரையும் திறவாத வாயிலும்: லினக்ஸ் நிறுவிய பின் எழும் இடர்களை ஆராயும் முறை

கணினியொன்றிலே லினக்ஸ் பணிசெயல் முறைமையை முதன்முறையாக நிறுவுவோர்க்கு நேரும் இடர்கள் பலவாயினும், அவற்றுள் மனத்தை மிகவும் தளரச் செய்வன இரண்டு. நிறுவல் இனிது முடிந்தது என்னும் செய்தியைக் கண்டு கணினியை மீளத் தொடக்கியவிடத்துத் திரை முற்றும் இருண்டு கிடப்பது ஒன்று. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் வாயில் தோன்றியும், புகவிடாது மறுப்பதோ, புகவிட்டது போலக் காட்டி அடுத்த கணத்திலே மீண்டும் அவ்வாயிலிலேயே கொண்டுவந்து நிறுத்துவதோ மற்றொன்று. இவற்றைக் கண்டவர்களிற் சிலர், இக்கணினிக்கு லினக்ஸ் ஒவ்வாது என முடிவு கட்டுவர். வேறு சிலர் வன்தட்டை முற்றாக அழித்து மறுபடியும் நிறுவுவர். முன்னையதனாற் பயன்படத்தக்க கணினியொன்று மூலையிலே தூசு படிந்து கிடக்கின்றது. பின்னையதனால் அதிலிருந்த கோப்புகள் அழிகின்றன. காரணம் அறியப்படாமையின் இடரும் பெரும்பாலும் மீண்டு வருகின்றது.

இப்பொருளை ஈண்டு எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 முறைமைக்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அளித்துவந்த இலவசப் பொது ஆதரவு 2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14 ஆந் திகதியுடன் முடிவுற்றது. அதன் அடுத்த பதிப்புக் கேட்கும் வன்பொருட் தகுதிகள் இல்லாத கணினிகள் வீடுகளிலும் பாடசாலைகளிலும் பலவுள. அவை பழுதடைந்தவை அல்ல. செயலியும் நினைவகமும் நன்னிலையில் உள்ளவை. அவற்றுக்கு இரண்டாவது வாழ்வு அளிக்கக்கூடியது லினக்ஸ். ஆயின் நிறுவிய முதல் நாளிலே எழும் இடரைத் தீர்க்கும் அறிவு இல்லையெனின், அவ்வாழ்வு தொடங்குமுன்னரே முடிந்துவிடும். எனவே மாணவர்களும் ஆசிரியர்களும் தாமே ஆராய்ந்து தீர்க்கத்தக்க ஒரு முறையை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூறவிருப்பதன் சாரம் ஒன்றே: கணினி ஒரே பாய்ச்சலிலே எழுந்துவிடுவதில்லை, படிப்படியாக எழுகின்றது. எந்தப் படியில் நின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அறிந்த பின்னரே மருந்திடல் வேண்டும்.

கட்டளைகளை அவற்றின் ஒலிவழியே தமிழெழுத்தில் எழுதியுள்ளோம். கணினிக்கு இடும்போது, வேறு கூறப்படாதவிடத்து, அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளிலே இடுக. லினக்ஸ் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் வேறுவேறாகக் கொள்ளும் இயல்புடையது.

லினக்ஸ் என்பது யாது?

1991 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஒரு பணிசெயல் முறைமையை எழுதிவருவதாக அறிவித்தார். அப்பொழுது அவருக்கு வயது 21. அவர் எழுதியது 'கேர்னல்' எனப்படும் கருவையே. வன்பொருளுக்கும் ஏனைய மென்பொருள்களுக்கும் இடையே நின்று இருசாராரையும் இணைப்பது அக்கரு. ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983 இல் அறிவித்துத் தொடங்கிய 'குனூ' திட்டத்தின் கருவிகளும், உலகெங்குமுள்ள பலர் எழுதிய மென்பொருள்களும் அக்கருவுடன் சேர்ந்தே நாம் நிறுவும் முழு முறைமை உருவாகின்றது. இவ்வாறு தொகுத்தளிக்கப்படும் வெளியீடுகளுள் 1993 இல் தோன்றிய டெபியனும், அதனை அடியாகக் கொண்டு 2004 இல் வெளிவந்த உபுண்டுவும், 2006 இல் வெளிவந்த லினக்ஸ் மின்டும் பலரும் அறிந்தவை. இக்கட்டுரை உபுண்டுவை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளும். ஏனையவற்றிற் சிறு வேறுபாடுகள் உளவெனினும் முறை ஒன்றே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டிய உண்மை யாதெனின், லினக்ஸ் ஒருவர் கையால் வார்த்த ஒற்றைப் பொருளன்று என்பதே. பல உறுப்புகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் தொகுதி அது. ஆதலின் ஓர் உறுப்புப் பிழைப்பினும் மற்றையவை நலமாகவே இருக்கும். இடர் தீர்ப்போனுக்கு இதனினும் பெரிய ஆறுதல் பிறிதில்லை.

எழும் படிகள் ஆறு

கணினியின் மின்விசையை அழுத்தியது முதல் மேசைமுகப்புத் தோன்றும் வரை நிகழ்வனவற்றை ஆறு படிகளாக வகுத்துக் கொள்ளலாம்.

முதலாவது, தாய்ப்பலகையிற் பதிந்துள்ள தொடக்க மென்பொருள். தயாரித்த நிறுவனத்தின் சின்னத்தைத் திரையிற் காட்டுவது இதுவே. பழைய கணினிகளிலே 'பயோஸ்' எனவும், புதியவற்றிலே 'யுஈஎஃப்ஐ' எனவும் இதனை வழங்குவர்.

இரண்டாவது, 'கிரப்' என்னும் தொடக்கப் பட்டியல். எந்த முறைமையை, எந்தக் கருவைக்கொண்டு தொடங்குவது என்பதை இது தீர்மானிக்கும்.

மூன்றாவது, கரு நினைவகத்தில் ஏறி, வன்பொருள்களை ஒவ்வொன்றாக இனங்கண்டு, அவற்றிற்குரிய செலுத்திகளை எழுப்புதல். 'டிரைவர்' எனப் பலரும் வழங்கும் மென்பொருளையே ஈண்டுச் செலுத்தி என்கின்றோம்.

நான்காவது, 'சிஸ்டம்-டி' என்னும் மேற்பார்வையாளன் எழுந்து, வலையமைப்பு, ஒலி, நேரம் முதலிய பணிகளைத் தொடக்குதல்.

ஐந்தாவது, வாயில். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் வரைவியற் திரை இதுவே. உபுண்டுவில் இதனை 'ஜிடிஎம்' என்னும் மென்பொருளும், லினக்ஸ் மின்ட், சுபுண்டு ஆகியவற்றில் 'லைட்டிஎம்' என்னும் மென்பொருளும் நடத்துகின்றன.

ஆறாவது, பயனருடைய அமர்வு. வாயில் ஏற்றுக்கொண்ட பின்னர் அவருடைய சொந்தக் கோப்புறையிலுள்ள அமைப்புகளைப் படித்து மேசைமுகப்பை விரிப்பது இப்படியிலாகும்.

இருண்ட திரை பெரும்பாலும் மூன்றாம் படியின் இடர். சில வேளை ஐந்தாம் படியினது. வாயிலிற் சுழல்வது ஆறாம் படியின் இடர். கடவுச்சொல் மறுக்கப்படுவது ஐந்தாம் படிக்குரியது. இவ்வாறு வகுத்துக்கொண்ட மாத்திரத்திலேயே ஆராய்ச்சி பாதி எளிதாகிவிடும்.

நின்ற இடத்தை அறிதல்

திரை இருண்டதும் முதலிற் செய்யத்தக்கது இணைப்பு வடத்தைப் பார்த்தல். மேசைக் கணினிகளிலே தாய்ப்பலகையில் ஒரு திரைத்துளையும், தனியாகப் பொருத்திய வரைவியல் அட்டையில் வேறொரு திரைத்துளையும் இருத்தல் கூடும். அட்டை இருக்கவும் வடத்தைத் தாய்ப்பலகையிற் செருகிவிட்டு மென்பொருளைக் குறைகூறுதல் தகாது.

வடம் சரியாயின், தயாரிப்பாளரின் சின்னமேனும் தோன்றுகின்றதா என நோக்குக. அதுவும் தோன்றாவிடின் இடர் லினக்சினுடையதன்று, வன்பொருளினது. சின்னம் தோன்றிய பின்னரே திரை இருளுமாயின், சாவிப்பலகையிலுள்ள 'கப்ஸ் லொக்' சாவியைச் சிலமுறை அழுத்துக. அதற்குரிய சிறு விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறுமாயின் கரு உயிருடன் உள்ளது என்பது தெளிவு. கணினி இறந்துவிடவில்லை, தான் செய்வதை நமக்குக் காட்ட இயலாமற் தவிக்கின்றது, அவ்வளவே.

அடுத்து, 'கொன்ட்ரோல்', 'ஆல்ட்' ஆகிய இரு சாவிகளையும் அழுத்தியவாறே 'எஃப் 3' சாவியை அழுத்துக. மடிக்கணினிகள் சிலவற்றில் 'எஃப்என்' சாவியையும் உடன் அழுத்தல் வேண்டும். படங்கள் யாதுமின்றி, எழுத்துகள் மாத்திரம் கொண்ட புகுவாயில் ஒன்று தோன்றலாம். தோன்றுமாயின் முதல் நான்கு படிகளும் நலமாகவே உள்ளன. அவ்வாயிலிற் பயனர் பெயரை இட்டு, பின்னர்க் கடவுச்சொல்லை இடுக. கடவுச்சொல்லை இடும்போது திரையிலே புள்ளிதானும் தோன்றாது; அது பிழையன்று, காவலாகும். இவ்வெழுத்துத்திரையிலிருந்தே பெரும்பாலான இடர்களைத் தீர்த்தல் கூடும். திரும்பிச் செல்வதற்கு 'எஃப் 1' அல்லது 'எஃப் 2' சாவியை அவ்வாறே பயன்படுத்துக.

இருண்ட திரை: காரணமும் மாற்றும்

திரையின் அளவு, நிறச்செறிவு, ஒரு வினாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பித்தல் ஆகியவற்றை நிர்ணயிப்பதைப் 'பாங்கு அமைத்தல்' எனலாம். முற்காலத்தில் இதனை 'எக்ஸ்' என்னும் வரைவியல் மென்பொருள் செய்துவந்தது. 2009 ஆம் ஆண்டிலே வெளியான 2.6.29 ஆம் பதிப்புத் தொடக்கம் கருவே இதனை ஏற்கலாயிற்று. அதனாற் தொடக்கம் முதலே திரை தெளிவாகவும் தளும்பலின்றியும் தோன்றுகின்றது. ஆயின் கருவிலுள்ள செலுத்தி வரைவியல் அட்டையைச் சரிவர இனங்காணாவிடின், பாங்கு மாறும் அக்கணத்திலேயே திரை இருண்டுவிடுகின்றது.

இதற்குரிய தற்காலிக மாற்று, பாங்கை மாற்றாதே எனக் கருவுக்குக் கட்டளையிடுதல். கணினி தொடங்கும்போது, பழைய பயோஸ் கணினியாயின் 'ஷிப்ட்' சாவியை அழுத்திப் பிடிக்க. புதியதாயின் சின்னம் மறையும் வேளையில் 'எஸ்கேப்' சாவியை ஒருமுறை தட்டுக. கிரப் பட்டியல் தோன்றும். முதல் வரியைத் தெரிந்து 'ஈ' என்னும் எழுத்தை அழுத்தின், தொடக்கக் கட்டளைகள் காணப்படும். அவற்றுள் 'லினக்ஸ்' என்னும் சொல்லுடன் தொடங்கும் நீண்ட வரியின் இறுதியிலே, ஓர் இடைவெளி விட்டு, 'நோ', 'மோட்', 'செட்' என்னும் மூன்று சொற்களையும் தம்முள் இடைவெளியின்றிச் சேர்த்து எழுதுக. பின்னர் 'எஃப் 10' சாவியை அழுத்தக் கணினி தொடங்கும். தெளிவு குறைந்ததாயினும் திரை தோன்றுமாயின், இடர் வரைவியற் செலுத்தியினது என்பது ஐயமின்றி நிலைபெறும்.

இம்மாற்றம் அவ்வொரு முறைக்கே உரியது, எங்கும் பதியப்படுவதில்லை. பதியப்படாதிருத்தலே நன்று. ஏனெனின், நோமோட்செட் என்பது ஊன்றுகோலேயன்றி மருந்தன்று. அது இருக்கும்வரை இன்டெல், ஏஎம்டி ஆகிய அட்டைகளின் செலுத்திகள் தம் வேலையை முழுமையாகச் செய்யமாட்டா. திரையின் உரிய அளவு கிடைக்காது, காணொளி தடைப்படும். இதனையே நிலையாக எழுதிவைத்துவிட்டு, லினக்ஸ் மந்தமானது எனக் கூறுவோரும் உளர்.

நிலையான மாற்று அட்டையைப் பொறுத்தது. இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் அட்டைகளுக்குரிய செலுத்திகள் கருவினுள்ளேயே அடங்கியுள்ளன. வேறெங்கும் தேடித் தரவிறக்க வேண்டுவதில்லை. அவை இயங்காவிடின் காரணம் பெரும்பாலும் இரண்டிலொன்றாகும். அட்டை மிகப் புதியதாயிருக்க, கரு பழையதாயிருத்தல் ஒன்று. அட்டைக்குள் ஏற்றவேண்டிய நிலைபொருட் கோப்புகள் நிறுவப்படாதிருத்தல் மற்றொன்று. முறைமையை முழுமையாக இற்றைப்படுத்துவதே இரண்டிற்கும் மருந்து. டெபியன் வெளியீட்டிலே இத்தகைய கோப்புகள் முன்னர்த் தனியே தேடி நிறுவப்படவேண்டியிருந்தன. 2023 ஆம் ஆண்டு வெளிவந்த 12 ஆம் பதிப்பிலிருந்து அவை நிறுவல் வட்டிலேயே சேர்க்கப்பட்டுள்ளன.

என்விடியா அட்டைகளின் நிலை வேறு. அந்நிறுவனம் தன் செலுத்தியின் மூலநிரலை நெடுங்காலம் வெளியிடாதிருந்தது. ஆர்வலர் சிலர் அட்டைகளின் நடத்தையை ஆராய்ந்து 'நூவோ' என்னும் செலுத்தியைத் தாமே எழுதினர். அது 2010 இற் கருவுடன் சேர்க்கப்பட்டது. எனினும் 2014 இற்குப் பின் வந்த அட்டைகள் பல, நிறுவனம் ஒப்பமிட்ட நிலைபொருளையே ஏற்பன. அவற்றை முழு வேகத்தில் இயக்குதல் நூவோவுக்கு அரிதாயிற்று. 2012 இலே ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்த கலந்துரையாடலொன்றிலே டோர்வால்ட்ஸ் அந்நிறுவனத்தை மிகக் கடுஞ்சொல்லாற் கடிந்தமை பலரும் அறிந்ததே. 2022 ஆம் ஆண்டு மே மாதத்திலே நிறுவனம் தன் செலுத்தியின் கருப்பகுதியைத் திறந்த மூலநிரலாக வெளியிட்டது. அதுவும் 2018 இல் வந்த 'டியூரிங்' தலைமுறையும் அதற்குப் பிந்தியனவுமான அட்டைகளுக்கே பொருந்தும்.

ஆதலின் என்விடியா அட்டையுடையோர் மேற்கூறியவாறு தற்காலிகமாகப் புகுந்து, உபுண்டுவின் 'மேலதிகச் செலுத்திகள்' என்னும் பகுதியிற் பரிந்துரைக்கப்படும் செலுத்தியைத் தெரிந்து நிறுவுதல் வேண்டும். எழுத்துத்திரையிலிருந்து செய்வதாயின், 'சூடோ' என எழுதி, இடைவெளி விட்டு, 'உபுண்டு', சிறுகோடு, 'டிரைவர்ஸ்' ஆகியவற்றைச் சேர்த்து எழுதி, மீண்டும் இடைவெளி விட்டு 'இன்ஸ்டோல்' என்று இடுக. இதற்கு இணைய இணைப்பு வேண்டும். அருகலை இயங்காவிடின், கைத்தொலைபேசியை யுஎஸ்பி வடத்தால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினியுடன் பகிர்தல் பெரும்பாலும் கைகொடுக்கும்.

இவ்விடத்து இரண்டு எச்சரிக்கைகள் வேண்டற்பாலன. முதலாவது, 'செக்கியூர் பூட்' என்னும் பாதுகாப்பு ஏற்பாடு. அது செயற்படும் கணினிகளில், ஒப்பமிடப்படாத செலுத்தியைக் கரு ஏற்காது. ஆகையினாற் செலுத்தியை நிறுவும்போது சில வேளைகளிற் புதியதொரு கடவுச்சொல்லை அமைக்குமாறு கேட்கப்படும். மறுமுறை கணினி தொடங்கும்போது நீலநிறத் திரையொன்று தோன்றும். அதிலே 'என்றோல்' என்று தொடங்கும் வரியைத் தெரிந்து, அமைத்த கடவுச்சொல்லை இடுதல் வேண்டும். அத்திரை சில வினாடிகளே காத்திருக்கும். அது யாதென அறியாது கடந்து சென்றவர்கள், செலுத்தி நிறுவப்பட்டும் இயங்காமை கண்டு மயங்குவர். இரண்டாவது, கருவின் இற்றைப்படுத்தல். நேற்றுவரை நலமாக இயங்கிய கணினி, இற்றைப்படுத்தலின் பின் இருளுமாயின், புதிய கருவுக்கேற்பச் செலுத்தி மீளக் கட்டப்படவில்லை எனக் கருதலாம். கிரப் பட்டியலின் 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்' என்னும் வரியுட் சென்று முந்திய கருவைத் தெரிந்து தொடங்குக. திரை தோன்றுமாயின் ஐயம் உறுதியாகும். அதிலிருந்தவாறே செலுத்தியை மீள நிறுவலாம்.

கடவுச்சொல் மறுக்கப்படுதல்

வாயில் தோன்றியும் கடவுச்சொல் பிழையென்று வருமாயின், அதனை மறந்துவிட்டோம் என உடனே எண்ணற்க. முதலிற் கப்ஸ் லொக் விளக்கைப் பார்க்க. பின்னர்ச் சாவிப்பலகையின் அமைப்பைப் பார்க்க. அமெரிக்க அமைப்பிலே ஷிப்டுடன் 2 ஆம் இலக்கச் சாவியை அழுத்தின் @ என்னும் குறி வரும். பிரித்தானிய அமைப்பிலே அதே சாவி இரட்டை மேற்கோட்குறியைத் தரும். நிறுவும்போது ஓர் அமைப்பும், வாயிலில் வேறோர் அமைப்பும் இருப்பின், விரல்கள் பிழைக்காதிருப்பினும் எழுத்துகள் பிழைக்கும். தமிழ் எழுதுவதற்காகத் தமிழ்99 முதலிய அமைப்புகளைச் சேர்த்துக்கொண்ட நமக்கு இவ்விடர் சிறப்பாக உரியது. வாயிலிற் தமிழமைப்புத் தெரிவாகியிருப்பின், இடும் கடவுச்சொல் முழுவதும் மாறிவிடும். அங்கே எழுத்துகள் புள்ளிகளாய் மறைக்கப்படுதலால், மாறியமை கண்ணுக்குப் புலனாவதுமில்லை. திரையின் மேல்மூலையிற் காணப்படும் மொழிக்குறியை அழுத்தி ஆங்கில அமைப்பைத் தெரிக. ஐயமாயின், பயனர் பெயர் கேட்கும் இடத்திலே கடவுச்சொல்லின் குறிகளை மட்டும் எழுதிப் பார்த்து அழித்துவிடலாம். அருகில் வேறெவரும் இல்லாதபோது மாத்திரம்.

உண்மையாகவே மறந்திருப்பின், கிரப் பட்டியலின் மேலதிகத் தெரிவுகளுள் 'ரிக்கவரி மோட்' எனக் குறித்த வரியைத் தெரிந்து, தோன்றும் பட்டியலில் 'ரூட்' என்பதைத் தெரிக. அங்கே வன்தட்டு வாசிக்க மட்டுமே திறந்திருத்தல் கூடும். 'மவுன்ட்', இடைவெளி, சிறுகோட்டுடன் 'ஓ', இடைவெளி, 'ரீமவுன்ட்', காற்புள்ளி, 'ஆர்', 'டபிள்யூ', இடைவெளி, வலப்புறம் சாய்ந்த கோடு என இட்டு, அதனை எழுதத்தக்கதாக்குக. பின்னர்ப் பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி என்னும் ஆறெழுத்துக் கட்டளையுடன் பயனர் பெயரை இட்டுப் புதிய கடவுச்சொல்லை அமைக்கலாம்.

இத்துணை எளிதாயின் காவல் எங்கே என வினவுதல் இயல்பே. கணினியைக் கையில் வைத்திருப்பவனிடத்து வாயிற் கடவுச்சொல் மாத்திரம் முழுக்காவலாகாது என்பதே விடை. நிறுவும்போது வன்தட்டை மறையாக்கம் செய்தவர்க்கு இவ்வழி பயன்படாது. அம்மறைச்சொல்லை மறந்தவர் தம் கோப்புகளை இழந்தவரேயாவர். ஆதலின் அதனைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துதல் அறிவுடைமை.

மீண்டும் மீண்டும் வாயிலுக்கே வருதல்

கடவுச்சொல் ஏற்கப்படுகின்றது, திரை ஒருகணம் இருளுகின்றது, மறுபடியும் அதே வாயில். இது கடவுச்சொல்லின் பிழையன்று. பிழையாயின் அவ்வாறே கூறி மறுத்திருக்கும். வாயில் திறந்துவிட்டது, உள்ளே அமர்வு தொடங்க முயன்று, இயலாமல் முடிந்துவிட்டது. ஏன் முடிந்தது என்பதே வினா.

எழுத்துத்திரைக்குச் சென்று புகுந்து, முதலில் வன்தட்டின் நிரம்பலைப் பார்க்க. டி, எஃப் என்னும் ஈரெழுத்தும், இடைவெளி விட்டுச் சிறுகோடும் 'எச்' எழுத்தும் இடுக. சாய்கோடு மாத்திரம் குறிக்கும் வரியில் 100 சதவீதம் எனக் காணின் காரணம் அதுவே. அமர்வு தொடங்குவதற்குச் சில சிறு கோப்புகளை எழுதியாக வேண்டும்; எழுத இடமில்லை. வேண்டாத தரவிறக்கங்களை நீக்கி, 'சூடோ', 'ஏபிடி', 'கிளீன்' என்னும் மூன்று சொற்களை இடைவெளியுடன் இட்டால், முன்னர் நிறுவிய பொதிகளின் சேமிப்பு நீங்கி இடம் உண்டாகும்.

இடம் போதியதாயின், அடுத்துக் கோப்புகளின் உரிமையைப் பார்க்க. எல், எஸ் என்னும் ஈரெழுத்தும், இடைவெளி விட்டுச் சிறுகோட்டுடன் எல், ஏ என்பனவும் இட்டாற் சொந்தக் கோப்புறையில் உள்ளவை யாவும், மறைந்திருப்பனவும், உரிமையாளர் பெயருடன் தோன்றும். புள்ளியுடன் தொடங்கும் கோப்புகளின் அருகே தம் பெயருக்குப் பதிலாக 'ரூட்' எனக் காணப்படுமாயின் அங்கேதான் இடர். வரைவியல் மென்பொருளொன்றை, தேவையின்றிச் சூடோவின் அதிகாரத்துடன் இயக்கும்போது இது நேர்வதுண்டு. அம்மென்பொருள் எழுதிய கோப்புகள் முதன்மைப் பயனருக்கு உரியனவாகிவிடுகின்றன. பின்னர் வீட்டுக்காரனே தன் வீட்டுப் பெட்டியைத் திறக்க இயலாதவனாகின்றான். லைட்டிஎம் வாயிலைக் கொண்ட வெளியீடுகளில் 'எக்ஸ் ஓதோரிட்டி' என்னும் மறைகோப்பு இவ்வாறு கைமாறுவது மிகப் பழகிய இடராகும். மாற்று எளிது: 'சூடோ', இடைவெளி, சி, எச், ஓ, டபிள்யூ, என், இடைவெளி, சிறுகோட்டுடன் 'ஆர்' பேரெழுத்து, இடைவெளி, அதன்பின் பயனர் பெயர், முக்காற்புள்ளி, மீண்டும் பயனர் பெயர், இறுதியில் ஓர் இடைவெளி விட்டுத் தம் சொந்தக் கோப்புறையின் முழுப்பெயர். உள்ளவை யாவும் உரியவருக்கே மீளும். கோப்புறையின் பெயரை மிகக் கவனமாக எழுதுக. அவ்விடத்திற் சாய்கோட்டை மாத்திரம் எழுதின் முறைமை முழுவதும் குலையும்.

இவையிரண்டும் காரணமல்லவாயின், அமர்வின் வகையை மாற்றிப் பார்க்கலாம். 1984 இலே மசாச்சுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் தோன்றிய எக்ஸ் முறையும், 2008 இலே தொடங்கப்பட்ட வேலண்ட் முறையும் மேசைமுகப்பைத் திரையில் வரையும் இருவேறு வழிகள். வாயிலிற் பயனர் பெயரைத் தெரிந்த பின்னர் மூலையிற் தோன்றும் பற்சக்கரக் குறியை அழுத்தி, ஒன்று இயங்காவிடின் மற்றதைத் தெரிந்து புகலாம். உபுண்டு 25.10 முதலாக க்னோம் மேசைமுகப்பிற்கு எக்ஸ் அமர்வு நீக்கப்பட்டமையால், அப்பதிப்புகளில் இவ்வழி இல்லை.

இவையனைத்திலும் மேலான சோதனையொன்று உண்டு. எழுத்துத்திரையிலிருந்து 'சூடோ', இடைவெளி, 'அட்யூசர்', இடைவெளி, பின்னர் ஒரு புதுப்பெயர் என இட்டுப் புதிய பயனரை உண்டாக்கி, அப்பெயருடன் வாயிலிற் புகுந்து பார்க்க. புதியவர் புகமுடிந்தாற் கருவும் செலுத்தியும் வாயிலும் நலமே. பழைய பயனருடைய கோப்புறையிலுள்ள ஓர் அமைப்பே காரணம். புதியவரும் திருப்பி அனுப்பப்படின், இடர் முறைமைக்குப் பொதுவானது. செலுத்தியையே மீள ஆராய்தல் வேண்டும். ஒரே ஒரு கூற்றை மாத்திரம் மாற்றி, ஏனையவற்றை மாறாது வைத்து விளைவை நோக்கும் இம்முறை, பௌதிகவியல் ஆய்வுகூடத்திலே நம் மாணவர் நாடோறும் கைக்கொள்வதன்றோ?

பதிவேட்டைப் படித்தல்

லினக்சின் சிறப்புகளுள் ஒன்று, அது தன் நிகழ்வுகளை ஒளிக்காது எழுதிவைத்தல். 'ஜேர்னல்' என்னும் சொல்லுடன் சி, டி, எல் என்னும் எழுத்துகளைச் சேர்த்து எழுதி, இடைவெளி விட்டுச் சிறுகோட்டுடன் 'பி' இடுக. இது ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்து. இம்முறை தொடங்கியது முதல் நிகழ்ந்தவை யாவும் கால ஒழுங்கில் தோன்றும். அதன்பின் மேலும் ஓர் இடைவெளி விட்டுச் சிறுகோடும் 1 என்னும் இலக்கமும் சேர்த்தால், முந்திய தொடக்கத்தின் பதிவு கிடைக்கும். திரை இருண்டதனாற் கணினியை வலிந்து நிறுத்தி மீளத் தொடக்கியவர்க்குப் பின்னையதே வேண்டுவது.

நூற்றுக்கணக்கான வரிகளைக் கண்டு அஞ்சற்க. சிவப்பு நிறத்தில் தோன்றுவன பிழைச் செய்திகள். அவையாவும் நம் இடருக்குக் காரணமல்ல. நலமான கணினியிலும் சில காணப்படும். இடர் நேர்ந்த நேரத்தைக் குறித்துவைத்து, அந்நேரத்திற்குரிய வரிகளை மாத்திரம் நோக்குக. என்விடியா, ஏஎம்டி, ஜிடிஎம் முதலிய பெயர்களுள் எது அவ்விடத்தில் வருகின்றது எனக் காண்க. அவ்வரியைச் சொல் மாறாது எழுதிக்கொண்டு, அறிந்தாரிடம் வினவுக. "திரை வேலை செய்யவில்லை" எனக் கேட்பவனுக்கு விடை கூற எவராலும் இயலாது. "இன்ன பதிப்பு, இன்ன அட்டை, இன்ன செய்தி" எனக் கேட்பவனுக்கு விடை கூறப் பலர் முன்வருவர்.

அழிக்குமுன் எண்ணுக

எல்லா வழிகளும் பயனற்றுப்போயின், மீள நிறுவுதலில் இழிவில்லை. ஆயினும் அதற்குமுன் கோப்புகளைக் காப்பாற்றுதல் கடன். லினக்ஸ் நிறுவப் பயன்படுத்திய அதே யுஎஸ்பிக் கோலினாற் கணினியைத் தொடங்கி, நிறுவாது பார்க்கும் தெரிவை எடுத்தால், முழுமையான மேசைமுகப்பு நினைவகத்திலிருந்தே இயங்கும். அதிலிருந்து வன்தட்டைத் திறந்து, வேண்டிய கோப்புகளை வேறொரு கோலுக்குப் பிரதி செய்யலாம். உண்மையில், எந்தக் கணினியிலும் நிறுவுமுன்னரே இவ்வாறு தொடங்கித் திரை, ஒலி, அருகலை ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். அரைமணி நேரச் சோதனை ஒருநாள் அலைச்சலைத் தடுக்கும்.

செய்யத்தகாதன மூன்று. அறியாத கட்டளையைப் பொருள் விளங்காது பிறர் எழுதியவாறே இடற்க. ஒரே வேளையில் மூன்று மாற்றங்களைச் செய்யற்க. தீர்ந்தாலும் எதனாற் தீர்ந்தது என்பது விளங்காது. கோப்புகள் யாவற்றிற்கும் எல்லா உரிமையும் அளித்துவிடும் குறுக்குவழியை நாடற்க. அது ஓர் இடரைப் பத்தாக்கும். இம்மூன்றும் செய்யாதிருப்பதற்கு ஒரு குறிப்பேடு உதவும். செய்த மாற்றம், செய்த நேரம், கண்ட விளைவு என மூன்று நிரல்களில் எழுதிவைத்தாற் போதும்.

பாடசாலைகளுக்குக் கணினி அன்பளிப்புச் செய்வோருக்கும் ஒரு வேண்டுகோள். கணினியுடன், அதன் வரைவியல் அட்டையின் பெயர், நினைவகத்தின் அளவு, செக்கியூர் பூட் நிலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஒட்டி அனுப்புக. முறைமையை நிறுவும் மாணவனுக்கு அத்தாளினும் சிறந்த துணையில்லை.

இருண்ட திரை கணினியின் முடிவன்று. உள்ளே கரு விழித்திருக்கின்றது. நிகழ்ந்தவை பதிவேட்டில் எழுதப்பட்டுள்ளன. எழுத்துத்திரை பெரும்பாலும் மூன்று சாவிகளின் தொலைவில் உள்ளது. இவற்றை அறிந்த மாணவன் ஒருவன் ஒரு வகுப்பில் இருப்பானாயின், அவ்வகுப்பின் கணினிகள் பல ஆண்டுகள் உழைக்கும். அவன் தான் அறிந்ததை இன்னொருவனுக்குக் காட்டிக் கொடுப்பானாயின், அவன் பாடசாலையை விட்டு நீங்கிய பின்னரும் உழைக்கும்.